தென்னாப்பிரிக்காவின் தூந்திரத்தில் செடிகளை அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள். தாவரவியல் படித்துவிட்டு மரியன் தீவில் ஓராண்டுக்கு மேல் கள உதவியாளராக இருந்தேன். திரும்பி வந்த நாளிலிருந்து கோவில், கல்யாண வீடு, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு என்று எங்கே போனாலும் கேள்விகள்தான். "அங்கே போய்ப் புல்லையா எண்ணினாய்?" என்று கேட்காத ஆளில்லை. ஆமாம், புல்லைத்தான் எண்ணினேன். அந்த எண்ணிக்கைக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

தூந்திரம் என்றால் பனிக்கரடி இருக்கும் வடதுருவப் பக்கம் அல்லவா? தென்னாப்பிரிக்காவில் ஏது தூந்திரம்?

பள்ளிப் புத்தகத்தில் தூந்திரம் என்றதும் சைபீரியா, அலாஸ்கா, கலைமான் என்றுதான் படித்தோம். அந்தச் சொல்லே வட ஐரோப்பாவின் சாமி மக்கள் மொழியிலிருந்து ரஷ்ய மொழி வழியாக வந்தது. மரமில்லாத மேட்டுநிலம் என்று பொருள். மரம் வளர முடியாத அளவுக்குக் குளிர் என்பதுதான் அடிப்படை. ஆண்டின் மிக வெப்பமான மாதத்திலும் சராசரி 10 டிகிரியை எட்டாத இடத்தில் பொதுவாக மரம் நிற்காது.

இந்தியப் பெருங்கடலின் தெற்கே 46 டிகிரி 54 நிமிடத் தென் அட்சத்தில், கேப் டவுனிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் மரியன் தீவு இருக்கிறது. சுமார் 290 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள எரிமலைத் தீவு. அதன் உச்சி, மாஸ்கரின் சிகரம், 1,230 மீட்டர். பக்கத்திலேயே சிறிய பிரின்ஸ் எட்வர்ட் தீவு. 1947 டிசம்பரிலும் 1948 ஜனவரியிலும் இந்த இரண்டையும் தென்னாப்பிரிக்கா தனதாக்கிக்கொண்டது. அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது. கண்ணுக்கெட்டிய வரை புல், பெரணி, மாஸ் பாசி, கருங்கல், மேகம்.

வடதுருவத் தூந்திரத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே மண்ணுக்கடியில் ஆண்டு முழுக்க உறைந்த அடுக்கு இருக்கும். கோடை இரண்டு மூன்று மாதம்தான். மரியனில் கோடையும் குளிர்காலமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே கழியும். கடல் மட்டத்தருகே ஆண்டுச் சராசரி 6 டிகிரிக்கு அக்கம்பக்கம். மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர், டர்பனைப் போல இரண்டு மடங்கு. காற்று ஓயவே ஓயாது. செடிகள் பனியைவிடக் காற்றோடுதான் அதிகம் மல்லுக்கட்டுகின்றன.

எப்படிப் போவது?

கப்பலில்தான். விமான ஓடுதளம் இல்லை. எஸ்.ஏ. அகுல்ஹாஸ் 2 என்ற ஆய்வுக் கப்பல் ஏப்ரல், மே வாக்கில் கேப் டவுனிலிருந்து புறப்படும். நான்கைந்து நாள் பயணம். பழைய குழுவை ஏற்றிக்கொண்டு புதுக் குழுவை இறக்கிவிட்டு வரும். அடுத்த ஆண்டு அதே கப்பல் வரும்வரை அந்தச் சிறு கூட்டம்தான் உங்களுக்கு ஊரும் உறவும்.

"செடிப்போர்வை", "பல்வகைமை" என்று இரண்டு சொல் சொல்கிறீர்களே, இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த தாத்தாமார்களுக்கு இது நன்றாகத் தெரியும். கரும்பு வளர்ந்து தோகை தோகையோடு கோத்துக்கொண்டால் தரையில் வெயில் விழாது, களையும் வராது. நிலத்தில் எவ்வளவு பங்கை இலை மூடியிருக்கிறது என்பதுதான் செடிப்போர்வை. அதை விழுக்காட்டில் சொல்வோம். கரும்புக் காட்டில் போர்வை 100 விழுக்காடாகவே இருக்கலாம். ஆனால் அங்கே இருப்பது ஒரே செடி. போர்வை முழுமை, பல்வகைமை கிட்டத்தட்ட இல்லை.

பல்வகைமை என்றால் எத்தனை இனம் என்று மட்டும் எண்ணினால் போதாது. அளக்க எடுத்துக்கொண்ட ஒரு சதுரக் கட்டத்தில் நான்கு இனம், ஒவ்வொன்றும் கால் பங்கு. இன்னொரு கட்டத்திலும் அதே நான்கு இனம். ஆனால் ஒன்று மட்டும் 85 விழுக்காடு, மற்ற மூன்றும் ஆளுக்கு 5. இனக் கணக்கில் இரண்டும் சமம். பார்க்கிறவர் கண்ணுக்கு அப்படியா இருக்கிறது? இந்த ஏற்றத்தாழ்வைச் சேர்த்துக் கணக்கிடத்தான் ஷானன் குறியீடு என்ற சூத்திரம். முதல் கட்டத்துக்கு அது 1.39, இரண்டாவதற்கு 0.59. அதையே இனக் கணக்காக மாற்றிச் சொன்னால், முதல் கட்டம் நான்கு இனத்துக்குச் சமம். இரண்டாவது இரண்டு இனத்துக்குக்கூட வராது, 1.8தான்.

தூந்திரத்தில் இது ஏன் முக்கியம்? மரியனில் இயல்பாக வளரும் பூச்செடி, புல், பெரணி எல்லாம் சேர்ந்தே இருபதுக்குச் சற்று மேலேதான். நம்முடைய ஒரு மேட்டுப் புல்வெளியில் ஒரு காலை நேரத்திலேயே அதைவிட அதிகம் பார்த்துவிடலாம். இனங்கள் இவ்வளவு குறைவாக இருக்கும் இடத்தில், எது கூடுகிறது, எது ஒடுங்குகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. ஓர் இனம் முற்றாக மறையும் வரை காத்திருந்து எண்ணினால் காலம் கடந்துவிடும்.

சரி, இலை மூடியிருப்பதை எப்படி அளப்பது? டேப் வைத்தா?

புள்ளிக்கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது எளிது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அலுமினியச் சட்டம். அதில் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டியிருக்கும். நூல்கள் வெட்டும் இடங்கள் பத்து வரிசை, வரிசைக்குப் பத்துப் புள்ளி. ஆக, நூறு புள்ளி. சட்டத்தை நான்கு கால்களில் செடிக்கு மேலே மட்டமாக நிறுத்தி, ஒவ்வொரு புள்ளியிலும் மெல்லிய கம்பி ஒன்றை நேராகக் கீழே இறக்க வேண்டும். ஸ்வெட்டர் பின்னும் ஊசி போல இருக்கும். கம்பியின் முனை முதலில் எதைத் தொடுகிறது? அதை எழுது. இன்னும் இறக்கு, அடுத்து எதைத் தொடுகிறது? எழுது. கடைசியில் மண்ணா, கல்லா, பாசியா? அதையும் எழுது.

ஒரு கணக்கு சொல்கிறேன், விளக்கத்துக்காக. நூறு கம்பியில் 42 அசோரெல்லா என்ற மெத்தைச் செடியைத் தொட்டன. 23 ஆக்ரோஸ்டிஸ் புல்லை. 20 மாஸ் பாசியை. 2 காய்ந்த சருகை. 30 எதையும் தொடாமல் நேரே கல்லில் இறங்கின. கூட்டினால் 117. "கணக்கு தப்பு அக்கா" என்று வகுப்பில் ஒரு தம்பி உடனே கை தூக்கினான். தப்பில்லை. 17 கம்பிகள் முதலில் புல்லைத் தொட்டு, அதன் கீழே அசோரெல்லாவையும் தொட்டன. புல் அந்தச் செடியின் மேலேயே முளைத்திருக்கிறது. அந்த 17தான் அந்தக் கட்டத்தின் உயிர்நாடி. கூட்டுத்தொகை நூறைத் தாண்டுவதைக் கண்டு பயந்து "சரிசெய்ய" உட்கார்ந்தால், எந்தச் செடி எதன் மேல் வாழ்கிறது என்ற செய்தியையே அழித்துவிடுவோம்.

கல்லைத் தொட்ட 30ஐயும் விடாமல் எழுத வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பலர் செடியை மட்டும் எழுதிவிட்டு வெறுந்தரையை விட்டுவிடுகிறார்கள். இன்றைக்கு வெறுந்தரை எவ்வளவு இருந்தது என்று எழுதாவிட்டால், நாளைக்கு அதில் எது குடியேறியது என்று யாரால் சொல்ல முடியும்?

ஒரு கட்டத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். காற்று அடித்தால் இலை ஆடும், கம்பியும் ஆடும். இலையைக் கையால் பிடித்து நிறுத்தக் கூடாது. காற்று சற்று தணியும்வரை குனிந்தே இருந்து, தணிந்ததும் இறக்க வேண்டும். பேனா வேண்டாம், மழையில் மை கரைந்துவிடும். நனையாத தாள், பென்சில்.

நூறு கம்பி இறக்கினால் எல்லாச் செடியும் அகப்பட்டுவிடுமா?

அகப்படாது. ஒரு செடி கட்டத்தில் ஒரே ஒரு விழுக்காடு இடத்தைத்தான் பிடித்திருக்கிறது என்று வையுங்கள். நூறு கம்பியைக் கண்ணை மூடிக்கொண்டு எங்கெங்கோ இறக்கினாலும், ஒன்றுகூட அதில் படாமல் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. அதனால் கம்பி வேலை முடிந்ததும் முழங்காலிட்டுக் கட்டத்தை அங்குலம் அங்குலமாகத் தேடி, கம்பியில் படாத இனங்களையும் ஒரு பட்டியலாக எழுதிக்கொள்வோம். கம்பியில் கிடைத்தது போர்வைக் கணக்குக்கு, தேடிக் கிடைத்தது இனக் கணக்குக்கு. இரண்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது.

கண்ணால் பார்த்தே "இது 40 விழுக்காடு" என்று சொல்லிவிட முடியாதா? வேகமாக முடியுமே?

சொல்லலாம், அதற்கும் முறை இருக்கிறது. பிரௌன்-பிளாங்கே என்ற ஸ்விஸ் தாவரவியலாளர் பெயரால் வழங்கும் அளவுகோல். 5 விழுக்காட்டுக்குக் கீழ், 5 முதல் 25, 25 முதல் 50, 50 முதல் 75, அதற்கு மேல் என்று பெரிய பெரிய படிகள். ஒரு தீவு முழுக்க எங்கே எந்தக் கூட்டம் வளர்கிறது என்று வேகமாக வரைபடம் போட இது நல்லது.

ஆனால் மாற்றத்தைப் பிடிக்க இதை நம்ப மாட்டேன். ஒரே கட்டத்தை நானும் உடன் இருந்த தோழியும் தனித்தனியாகப் பார்த்து எழுதி, பிறகு ஒப்பிட்டோம். பாசிக்கு அவள் போட்டது 30, நான் போட்டது 45. பூத்திருக்கும் செடி கண்ணை இழுக்கும், அதற்கு மதிப்பெண் கூடிவிடும். மழையில் நின்று களைத்துப்போன மாலையில் எல்லாமே குறைந்து தெரியும். ஐந்து விழுக்காடு மாற்றத்தைத் தேடிப் போகிறவர் பதினைந்து விழுக்காடு தடுமாறும் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எத்தனை கட்டம் போட வேண்டும்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே?

இதைக் கேட்டது எங்கள் ஆயா. நல்ல கேள்வி. ஒரு சோறு பதம் பார்ப்பது ஏன் சரியாக வருகிறது? பானையில் கொதி ஒரே மாதிரி. தூந்திரம் அப்படியில்லை. மரியனில் சதுப்பில் கால் முழங்கால்வரை புதையும். பத்து அடி நடந்தால் வறண்ட எரிமலைக்கல் மேடு, காற்று முகத்தில் அறையும். இரண்டு இடத்திலும் வளரும் செடிகள் வேறு.

நம் முன்னோர் நிலத்துக்குச் செடியின் பெயரையே வைத்தார்கள்: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. நிலமும் செடியும் பிரியாதவை என்று தெரிந்தவர்கள். தூந்திரத்திலும் வேலை அப்படித்தான் தொடங்குகிறது. முதலில் நிலத்தை வகை பிரிக்க வேண்டும். மரியனில் கடல் உப்புத் தெறிக்கும் கரையில் கிராசுலா, கோட்டுலா. பறவைகளும் பென்குயின்களும் சீல்களும் எருவிடும் இடத்தில் குத்துக்குத்தாகப் போவா புல். ஒதுக்கமான சரிவில் பெரணியும் அசேனாவும். தண்ணீர் நிற்கும் தாழ்வில் பாசியும் புல்லும். காற்று வாரியடிக்கும் கல்மேட்டில் அசோரெல்லா. ஒவ்வொரு வகையிலும் தனித்தனியாகப் பல கட்டங்கள் போட வேண்டும். எங்கே போடுவது என்பதை நாமே பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத் தற்செயலாக எடுக்க வேண்டும். நாமாகத் தேர்ந்தெடுத்தால் கால் எப்போதும் அழகான இடத்துக்கே போகும்.

எண்ணிக்கைக்கு ஒரு வழி இருக்கிறது. கட்டம் ஏற ஏறப் புது இனம் எத்தனை வருகிறது என்று கோடு வரைந்து பாருங்கள். கோடு படுத்துவிட்டால் அந்த நில வகைக்குப் போதும்.

அசோரெல்லா, அசோரெல்லா என்று உருகுகிறீர்களே, அது என்ன செடி?

ஒரு மெத்தைச் செடி. தலையணையைக் கவிழ்த்து வைத்தது போலத் தரையோடு தரையாக வட்டமாக, பச்சையாக இருக்கும். கையை வைத்தால் உறுதியாக, அதே சமயம் லேசாக அமுங்கிக்கொடுக்கும். அருகில் போய்ப் பார்த்தால் தெரியும்: ஆயிரக்கணக்கான தண்டுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, ஒவ்வொன்றின் நுனியிலும் விரல் விரித்தாற்போலப் பிளந்த குட்டி இலைகள். உதிர்ந்த இலைகளைக் காற்றில் போகவிடாமல் உள்ளேயே மட்கவைத்துத் தனக்குத் தானே மண் செய்துகொள்ளும். கல்லைத் தவிர ஒன்றுமில்லாத மேட்டில் அதுதான் மண்.

அதனால் மற்ற உயிர்கள் அதைத் தேடி வருகின்றன. உள்ளே சிற்றுண்ணிகளும் ஸ்பிரிங்டெயில் என்னும் துள்ளும் நுண்பூச்சிகளும். மேலே ஆக்ரோஸ்டிஸ் மகெல்லானிகா புல். கீழே, இதமான இடத்தில், புல்லும் அசோரெல்லாவும் இடத்துக்குப் போட்டி போடும். மேலே ஏற ஏற, குளிரும் காற்றும் கடுமையாக ஆக ஆக, அந்தப் புல் அசோரெல்லாவின் மேல் தஞ்சம் அடைவது கூடுகிறது. கஷ்டம் கூடும்போது பகை உறவாகிறது. மரியனில் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். அளந்தது எப்படி என்று நினைக்கிறீர்கள்? மேலே சொன்னேனே, அந்த 17 கம்பியைப் போலத்தான், மெத்தை மெத்தையாக.

ஒரு மெத்தை பல பத்தாண்டுகள் வாழும். வளர்ச்சி அவ்வளவு மெதுவானது. ஒரு பூட்ஸ் மிதியில் பிளந்துவிடும். சுற்றிப்போக நேரமானாலும் அதன் மேல் கால் வைக்கக் கூடாது என்பது அங்கே முதல் பாடம்.

எல்லாப் புல்லும் ஒன்று போலத்தானே இருக்கும்? தப்பாக எழுதிவிட்டால்?

எழுதியிருக்கிறேன். மரியனில் எளிதில் குழப்பிவிடும் இரண்டு ஆக்ரோஸ்டிஸ் உண்டு. மகெல்லானிகா மண்ணின் சொந்தப் புல். ஸ்டொலோனிஃபெரா வெளியிலிருந்து வந்து ஓடைக்கரைகளில் பரவுவது. பூக்காத காலத்தில் இரண்டும் பார்வைக்குப் பச்சைப் புல்தான். முதல் இரண்டு வாரம் ஓடையோரக் கட்டங்களில் இரண்டையும் ஒரே பெயரில் எழுதிவிட்டேன். மூத்தவர் ஒருவர் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என்னைக் கட்டத்துக்கே அழைத்துப்போய், ஒரு புல்லின் அடியை விரலால் மெல்ல விலக்கிக் காட்டினார். தரையோடு தரையாக ஒரு தண்டு ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்தது. அருகம்புல் ஓடுமே, அப்படி. அந்த ஓடுதண்டு இருந்தால் அது வந்தேறி. இரண்டு வாரத்து ஏடுகளையும் தள்ளிவைத்து எல்லாக் கட்டங்களையும் முதலிலிருந்து செய்தேன்.

அதிலிருந்து ஒரு வழக்கம். உறுதியாகத் தெரியாவிட்டால் பெயரை ஊகித்து எழுதுவதில்லை. "புல் 1, தெரியாதது" என்று எழுதி, கட்டத்துக்கு வெளியிலிருந்து ஒரு சிறு மாதிரி எடுத்து, அமுக்கிக் காயவைத்து, அதே எண்ணோடு வைப்பேன். மாஸ் பாசிகளில் பலவற்றை மைக்ரோஸ்கோப் இல்லாமல் சொல்லவே முடியாது. அங்கே பூச்செடிகளைவிடப் பாசியும், பாறையில் ஒட்டிப் படரும் லைக்கனும்தான் இன எண்ணிக்கையில் அதிகம் என்பதால், இது சின்ன வேலையும் இல்லை.

ஒரு தடவை அளந்தால் போதாதா? எதற்கு மறுபடி மறுபடி?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை.

1965, 66இல் மரியனுக்கு முதல் பெரிய உயிரியல், புவியியல் ஆய்வுக் குழு போனது. அதில் பிரையன் ஹன்ட்லி என்ற இளம் தாவரவியலாளர் இருந்தார். எந்தச் செடி மலையில் எவ்வளவு உயரம்வரை ஏறியிருக்கிறது என்று நடந்து நடந்து குறித்து வைத்தார். அன்றைக்கு அது வெறும் விவரப் பதிவு. பூமி சூடாகிறது என்ற பேச்சு ஊரில் இல்லாத காலம்.

நாற்பது ஆண்டு கழித்து, 2006இல், பீட்டர் லெ ரூவும் மெலடி மக்கியோக்கும் அதே கணக்கெடுப்பை மறுபடி செய்தார்கள். இடைப்பட்ட காலத்தில் தீவு ஒரு டிகிரிக்கு மேல் சூடாகி, மழையும் குறைந்திருந்தது. ஏறத்தாழ பாதி இனங்கள் மலையில் மேலே ஏறியிருந்தன. சராசரியாக ஆண்டுக்கு 3 மீட்டருக்கும் மேல். எல்லாம் ஒரே வேகத்தில் ஏறவில்லை, சில அசையவே இல்லை. அதனால் முன்பு சேர்ந்து வளர்ந்தவை பிரிந்து, புதிய அண்டை அயல் உருவாகிவிட்டது. 2008இல் இது அச்சில் வந்தது.

இதில் என்னைக் கட்டிப்போடுவது அந்த 3 மீட்டர் அல்ல. ஹன்ட்லி எழுதி வைத்த விதம். எங்கே, எந்த உயரத்தில், என்ன செடி என்று, பின்னால் வரும் முன்பின் தெரியாத ஒருவர் அதே வழியில் நடக்கும்படி எழுதியிருந்தார். அவர் "மலையின் நடுப்பகுதியில் பரவலாகக் காணப்படுகிறது" என்று மட்டும் எழுதியிருந்தால், 2006இல் யார் என்ன செய்திருக்க முடியும்?

அதனால்தான் கட்டத்தின் நான்கு மூலையிலும் முளை அடித்து வைக்கிறோம். ஜிபிஎஸ் எண் எழுதுகிறோம். அதுவும் சில மீட்டர் தப்பும் என்பதால், "பெரிய செங்கல் நிறப் பாறையிலிருந்து வடக்கே 6 அடி" என்பது போல வாயால் வழி சொல்வதையும் எழுதுகிறோம். எந்தப் பக்கம் நின்று படம் எடுத்தோம், எந்த மூலையிலிருந்து முதல் கம்பி இறக்கினோம், யார் இறக்கினார், யார் எழுதினார் எல்லாம் ஏட்டில் இருக்க வேண்டும். ஆண்டின் அதே வாரத்தில் வர வேண்டும். நவம்பரில் ஒரு தடவை, ஏப்ரலில் ஒரு தடவை அளந்துவிட்டுப் "போர்வை குறைந்துவிட்டது" என்றால், அது இலையுதிர்ந்த கதையே தவிர மாற்றத்தின் கதை இல்லை.

சூடானால் செடி நன்றாக வளருமே, நல்லதுதானே?

சில செடிக்கு நல்லது. வடதுருவத் தூந்திரத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1990இல் தொடங்கிய பன்னாட்டுத் தூந்திரப் பரிசோதனை என்ற கூட்டு முயற்சியில், பல நாடுகளில் ஒரே முறையில், மேல்பக்கம் திறந்த சிறு கண்ணாடி நார்க்கூண்டுகளைச் செடிகளைச் சுற்றி வைக்கிறார்கள். உள்ளே ஒன்றிரண்டு டிகிரி கூடுதல் சூடு. பக்கத்திலேயே கூண்டு இல்லாத கட்டம், ஒப்பிட. பல இடங்களின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது புதர்களும் புல்லும் உயரமாகி இடம் பிடித்தன. பாசியும் லைக்கனும் நிழலில் ஒடுங்கின. புதர், புல்லின் போர்வை கூடியது, பல்வகைமை குறைந்தது. இரண்டையும் ஏன் பிரித்து அளக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. அங்கே கலைமானுக்குக் குளிர்காலத் தீனி லைக்கன் என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

மரியனில் மேலே வந்து நிழல் போடப் புதர் இல்லை. அங்கே கவலை மழை குறைவது. அசோரெல்லாவுக்குப் பல மாதம் மழையைக் குறைத்துச் சோதித்தபோது அதிகத் தண்டுகள் செத்தன. அந்த மெத்தை போனால் அதன்மேல் குடியிருப்பவையும் சேர்ந்தே போகும்.

செயற்கைக்கோளே படம் எடுக்குமே, நீங்கள் ஏன் மழையில் முழங்காலிட வேண்டும்?

லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர். அசோரெல்லா மெத்தை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவிலிருந்து ஒரு மேசை அளவு. தவிர, மரியன் மேலே மேகம் விலகும் நாள் அரிது. பச்சை கூடியதா குறைந்ததா என்று பரந்த சைபீரியாவுக்கு வானத்திலிருந்து சொல்லலாம். எந்தப் பச்சை என்று சொல்லக் கீழே யாராவது குனியத்தான் வேண்டும்.

கப்பல் ஏறுமுன் சாக்ஸைக்கூடச் சோதித்தார்களாமே?

ஆமாம். வெல்க்ரோ பட்டைக்குள், பூட்ஸ் அடியில், பையின் மடிப்பில் ஒட்டியிருக்கும் விதைதான் அங்கே பெரிய எதிரி. சாஜினா ப்ரொகும்பென்ஸ் என்ற சின்னஞ்சிறு களை 1965இல் ஆய்வு நிலையத்தருகே முதலில் பார்க்கப்பட்டது. பார்க்கப் பாசி போலவே இருக்கும், விதை தூசி மாதிரி. இன்றைக்குத் தீவில் அது இல்லாத மூலையைத் தேட வேண்டும். 1997இல் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலும் அது வந்துவிட்டது. நான் கப்பலில் உட்கார்ந்து ஊக்கு வைத்து என் கோட்டின் வெல்க்ரோவைக் கிளறி விதை எடுத்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒட்டிக்கொண்டவை அவை, இங்கே யாரும் திரும்பிப் பாராத புல்.

எலிக் கதையையும் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சீல் வேட்டைக் கப்பல்களோடு வீட்டுச் சுண்டெலி வந்து இறங்கியது. அதைப் பிடிக்க 1940களின் இறுதியில் ஐந்து பூனைகளைக் கொண்டுவந்தார்கள். அவை ஆயிரக்கணக்காகப் பெருகி, வளைகளில் கூடு கட்டும் கடற்பறவைகளை லட்சக்கணக்கில் தின்றன. பல ஆண்டு பாடுபட்டு 1991இல் பூனைகளை முற்றாக ஒழித்தார்கள். எலி இன்னும் இருக்கிறது. விதையைத் தின்கிறது, அசோரெல்லாவுக்குள் வளை தோண்டுகிறது, ஆல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு கடிக்கிறது. பறவை குறைந்தால் எரு குறையும். எரு குறைந்தால் அந்தக் குத்துப் போவா புல்லும் குறையும். செடிக் கணக்கு எடுக்கிறவள் பறவைக் கூட்டையும் எலி வளையையும் ஏன் குறிக்கிறாள் என்று கேட்டவர்களுக்கு இதுதான் விடை. பக்கத்துப் பிரின்ஸ் எட்வர்டில் எலி இல்லை. அதனால்தான் ஒப்பிட அது விலைமதிப்பற்றது, அதனால்தான் அங்கே கால் வைக்க மிக அரிதாகவே அனுமதி.

அங்கே சாப்பிடும் கீரை ஏதாவது உண்டா?

கெர்கெலன் முட்டைக்கோஸ் என்று ஒன்று. வைட்டமின் சி நிறைந்தது. அந்தக் காலத்து மாலுமிகள் ஸ்கர்வி நோய்க்கு மருந்தாகத் தின்றார்கள். இப்போது தீவு சிறப்பு இயற்கைக் காப்பகம், 1995 முதல். பறிக்கக் கூடாது, நானும் பறிக்கவில்லை.

பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா?

தாய்மார்கள் கேட்பது. தனியாக அங்கே யாரும் கிடையாது. குடிசைக்குக் குடிசை நடக்கும்போது எப்போதும் துணையோடு, வானொலியில் நேரத்துக்கு நேரம் சொல்லிக்கொண்டு. அம்மா ஒரு வருஷம் தூங்கவில்லை என்கிறாள். அவளுக்கு நான் தினமும் எழுதினேன்.

மரியனுக்குப் போக வழியில்லை. இங்கேயே பழக முடியுமா?

முடியும். டர்பனிலிருந்து அரை நாள் பயணத்தில் சானி கணவாய். உச்சி 2,876 மீட்டர். அது லெசோத்தோ என்பதால் பாஸ்போர்ட் வேண்டும், நாற்சக்கர இயக்க வண்டி வேண்டும். மேலே குளிர்ந்த மலைப்புல்வெளி, அங்கேயும் தரையோடு படுத்த மெத்தைச் செடிகள் உண்டு. தூந்திரத்துக்கு அது தூரத்து உறவு.

அதற்கும் முன்னால், வீட்டுக் கொல்லை. ஒரு மீட்டர் சட்டம் வேண்டாம். நான்கு அரை மீட்டர் ரூலரைக் கட்டிய சட்டம் போதும். பத்துக்குப் பத்து நூல் கட்டுங்கள். அம்மாவிடம் பின்னல் ஊசி கேளுங்கள். முருங்கை மரத்தடியில் ஒன்று, வெயிலில் ஒன்று. ஒருவர் இறக்க, ஒருவர் எழுத. பிறகு இடம் மாற்றி, முதல் ஏட்டைப் பார்க்காமல், அதே கட்டத்தை மறுபடி. இரண்டு ஏட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள்; அந்த வித்தியாசம் தெரியாமல் மாற்றத்தைப் பற்றிப் பேசக் கூடாது. மூலைக்கு ஒரு நீள ஆணி, தலை மண்ணோடு மட்டமாக இறங்கும்வரை அடியுங்கள். சனிக்கிழமை அப்பா புல் வெட்டும் மெஷினை எடுக்கும்போது பிளேடில் மாட்டாது, அடுத்த ஆண்டு இதே வாரத்தில் விரலால் தடவினால் அகப்படும்.